நிழல் கணக்கு

மூஞ்சிக்கல் முக்கில் கெய்சர் பழுது பார்க்கிறேன்.
எட்டாவதோடு நின்ற படிப்பு.
உள்ளே காயில் போயிருந்தால்
தண்ணீர் சூடாகும் சத்தத்திலேயே சொல்லிவிடுவேன்.
அல்லாஹ் எனக்குக் கொடுத்த இல்மு அவ்வளவுதான்.

மகள் ருமைசா ஐந்தாவது.
மதரஸாவில் தொழுகை நேரங்கள் நடத்திய அன்று
பையை இறக்கும் முன்பே கேட்டாள்:
"கடிகாரம் வர்றதுக்கு முந்தி
மோதினாருக்கு யாருத்தா மணி சொன்னா?"
நிழல் சொன்னதாம்.
நண்பகலில் மிஞ்சிய நிழல் போக,
பொருளைப்போல் இரண்டு பங்கு நீண்டால்
அஸர்.

இருபத்தெட்டு வருடமாகத் தொழுகிறேன்.
பாங்குக்குப் பின்னால் போயிருக்கிறேன்,
நிழலுக்குப் பின்னால் போனதில்லை.

வெல்டிங் ராடு ஒன்று கேட்டாள், கொடுத்தேன்.
சவ்சவ் பந்தலுக்கு அப்பால்
மண்ணுக்கு மேல் சரியாக ஓர் அடி நிற்கும்படி நட்டாள்.
கோணாமல் நிற்கிறதா என்று பார்க்க
நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டது என் யோசனை.
அதைக் கடைக்கு வந்த எல்லோரிடமும் சொன்னேன்.

டிசம்பரில், உறைபனி கருக்கிய புல்லின் மேல்
நண்பகல் நிழல் எட்டு அங்குலம்.
ஜனவரி கடைசியில் ஆறு.
மார்ச் பத்தில் மூன்று.
எல்லாம் என் பில் புக்கின் பின்பக்கத்தில், பென்சிலில்.

"யாசீன் ஓதச் சொன்னா பாதியில தடுமாறுறா,
கம்பிய அளக்க மட்டும் நேரம் இருக்கு"
என்றாள் மைமூன்.
அவளைக் குற்றம் சொல்லமாட்டேன்.
எனக்கும் உள்ளுக்குள் ஒன்று கிடந்து அரித்தது.
சூரியனே மறையாத ஊரில் மக்ரிபு எப்போது?
கீழக்கரையில் ஒரு பங்கிலேயே அஸராமே,
அங்கே நிழல் வேற மாதிரியா?
"வாய மூடிட்டு ஓது" என்று ஒருநாள் அதட்டினேன்.
அன்று இஷாவில் எத்தனை ரகஅத் ஆனதென்று
எனக்கே பிசகிவிட்டது.

காலையில் அவளிடம் போய்ச் சொன்னேன்:
"தெரியலைம்மா. கேப்போம்."
ஹஜ்ரத் இரண்டு நாள் எடுத்துக்கொண்டார்.
மறையாத ஊருக்குப் பக்கத்து ஊரின் நேரம் என்றார்.
ஒரு பங்கும் சரி, இரண்டு பங்கும் சரி,
இமாம்கள் இரண்டு விதமாய்ச் சொல்லியிருக்கிறார்கள் என்றார்.
அவளுக்குத் திருப்தியில்லை.
"கணக்குல ரெண்டு விடை வந்தா
டீச்சர் ரெண்டையும் அடிப்பாங்க."

ஏப்ரல் பதினேழு.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்தேன்.
பன்னிரண்டு இருபது.
சூரியன் உச்சியில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரம்
தொழக் கூடாது.
சின்ன வயதில் அதை எனக்குப்
பூட்டிய கதவாகத்தான் காட்டியிருந்தார்கள்.
அந்தக் கதவுக்கு முன்னால்
ஈரக் கையோடு மைமூனும் வந்து குந்திக்கொள்ள,
மூன்று பேரும் ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நிழல் இல்லை.
ருமைசா மண்ணைத் தடவிப் பார்த்தாள்.
அவள் விரல்களுக்கு நிழல் இருந்தது,
கம்பிக்கு இல்லை.
"சுப்ஹானல்லாஹ்" என்றது மைமூன்.
நானில்லை.

யாரும் எழுந்திருக்கவில்லை.
சட்டி அடிப்பிடிக்கிற வாசம் வந்தும்.

பிறகு கிழக்குப் பக்கம் ஒரு நூல்,
மயிரிழை,
கம்பியின் காலிலிருந்து கசிந்தது.
அவள் நிமிர்ந்து எங்களைப் பார்த்துச் சொன்னாள்:
"இப்பத் தொழலாம்."

தொழுதோம்.

ஆகஸ்ட் கடைசியில் அது திரும்பி வருமென்று
நாள் குறித்து வைத்திருந்தாள்.
அன்று விடியலிலிருந்தே மேகம் இறங்கி
பந்தலும் தெரியவில்லை, பக்கத்து வீடும் தெரியவில்லை.
குடையோடு போனோம்.
பில் புக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுதினாள்:
நிழல் இல்லை.
உச்சியா, மேகமா, தெரியவில்லை.

எழுதியதை இன்னொரு முறை பார்த்தாள்.
"குடையத் தள்ளிப் புடிங்கத்தா,
குடைதான் மறைக்குதோ என்னமோ."